காணி ஓர் அமைச்சில், தேயிலை இன்னோர் அமைச்சில்

சென்ற அத்தியாயத்தில் 1970 மே 27 தேர்தலின் முடிவுகளைப் பார்த்தோம். இலங்கையில் தேர்தல் நடந்த 151 ஆசனங்களில் 116 ஐக்கிய முன்னணிக்குக் கிடைத்தன: சிறீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 91, லங்கா சமசமாஜக் கட்சிக்கு 19, கம்யூனிஸ்ட் கட்சிக்கு 6. அதுவரை ஆண்ட ஐக்கிய தேசியக் கட்சி 17 ஆசனங்களுக்குச் சரிந்தது. மூன்று கட்சிகளும் 1968இல் ஏற்றுக்கொண்ட பொது வேலைத்திட்டத்தைச் சொல்லித்தான் வாக்குக் கேட்டிருந்தன. ஆகவே கொள்கையில் பெரிய பிணக்கு இல்லாமலே சிறீமாவோ பண்டாரநாயக்க தம் அமைச்சரவையை அமைத்தார். ஐந்தே ஆண்டுகளில் சமசமாஜக் கட்சி அமைச்சர்கள் மூவரும் பதவி நீக்கப்பட்டார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்துக் கம்யூனிஸ்டுகளும் விலகினார்கள். இந்த முறிவை உலகப் பொருளாதார நெருக்கடியாலும் தலைவர்களின் மனக்கசப்பாலும் விளக்குவது வழக்கம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முறிவின் வித்து அமைச்சுகளைப் பங்கிட்ட அந்த முதல் நாட்களிலேயே விழுந்துவிட்டது என்பது என் வாதம். யாருக்கு எத்தனை அமைச்சர் என்ற எண்ணிக்கையைப் பார்த்தால் இது தெரியாது. ஒரே பிரச்சினையின் எந்தப் பாதி யார் கையில் இருந்தது என்று பார்த்தால்தான் தெரியும்.

பங்கீடு இப்படி இருந்தது. பாதுகாப்பையும் வெளிவிவகாரத்தையும் திட்டமிடலையும் பிரதமர் தம்மிடமே வைத்துக்கொண்டார். இடதுசாரிகளில் நால்வர் அமைச்சரானார்கள். கலாநிதி என்.எம். பெரேராவுக்கு நிதி, கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவுக்குப் பெருந்தோட்டக் கைத்தொழிலும் அரசியலமைப்பு விவகாரமும். லெஸ்லி குணவர்தனவுக்குப் போக்குவரத்து. கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமனுக்கு வீடமைப்பும் நிர்மாணமும். சுதந்திரக் கட்சியின் பக்கம் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவிடம் பொது நிர்வாகம், உள்ளூராட்சி, உள்நாட்டலுவல்கள் மூன்றும் சேர்ந்திருந்தன. கச்சேரியும் அரசாங்க அதிபரும் கிராமத்து அலுவலரும் அந்த ஒரு கையின் கீழ். மைத்திரிபால சேனாநாயக்கவிடம் நீர்ப்பாசனம், மின்சாரம், நெடுஞ்சாலைகள். ஹெக்டர் கொப்பேகடுவவிடம் விவசாயமும் காணியும். இலங்கரத்னவிடம் வர்த்தகம், பதியுதீன் மஹ்மூதிடம் கல்வி. தொழில் அமைச்சு எம்.பி. டி சொய்சா சிறிவர்தனவுக்குப் போனது. இந்தக் கடைசிப் பெயரில் சற்று நிற்க வேண்டும். 1930களிலிருந்து தொழிற்சங்கத்தின் தோளில் வளர்ந்தவை இடதுசாரிக் கட்சிகள். துறைமுகம், வங்கி, அரச எழுதுவினைஞர் சேவை, தோட்டம் என்று அவர்கள் சங்கம் கட்டாத தொழிலிடம் குறைவு. அந்தக் கட்சிகள் பங்காளிகளாக இருந்த அமைச்சரவையில் தொழில் அமைச்சு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாட்டுப்புறத்தில் ஆளைத் தெரிவு செய்து வேலையோ காணியோ வீதியோ கொடுக்கக்கூடிய அமைச்சு ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. சுதந்திரக் கட்சிக்குத் தனியாகவே அறுதிப் பெரும்பான்மை இருந்தது. 25 ஆசனங்களை வைத்திருந்த இரு கட்சிகளுக்கு நான்கு அமைச்சு கொடுத்ததே தாராளம் அல்லவா? ஆசனத்தை மட்டும் எண்ணினால் இந்தக் கேள்வி நியாயமாகத்தான் படும். வாக்கை எண்ணினால் வேறு படம் வருகிறது. அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்கு 37.9 வீதம், சுதந்திரக் கட்சி பெற்றது 36.9 வீதம். அதாவது தோற்ற கட்சிக்கு வென்ற கட்சியைவிட அதிக வாக்கு. சமசமாஜக் கட்சிக்கு 8.7 வீதமும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 3.4 வீதமும் கிடைத்தன. முன்னணிக் கட்சிகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்காமல் தொகுதிகளைப் பிரித்துக்கொண்டதால்தான், குறிப்பாகத் தென்மேற்குக் கரையோரத்திலும் கொழும்பைச் சுற்றியும், இடதுசாரி வாக்கு சுதந்திரக் கட்சி வேட்பாளர்களைக் கரைசேர்த்தது. 91 ஆசனங்களும் கூட்டாகத் தேடிய சொத்து. அதைத் தனிச்சொத்தாக எண்ணிப் பங்கிட்டதை நான் தாராளம் என்று சொல்லமாட்டேன். தவிர, இந்தப் பங்கீடு முதன்முறை நடந்ததும் அல்ல. 1964இல் சமசமாஜக் கட்சி முதன்முதலாக அரசில் சேர்ந்தபோதும் என்.எம்முக்கு நிதியும், அனில் முனசிங்கவுக்குப் போக்குவரத்தும், சொல்மொண்டலி குணவர்தனவுக்குப் பொதுவேலைகளும்தான் கிடைத்தன. அந்த அரசு அவ்வாண்டு டிசெம்பரில் ஒரே வாக்கில் கவிழ்ந்துவிட்டதால் பங்கீட்டின் குறை வெளிப்பட நேரம் இருக்கவில்லை. 1970இல் நேரம் இருந்தது.

நிதி அமைச்சு சிறியதா, பிரதமருக்கு அடுத்த பதவி அல்லவா என்று கேட்கலாம். அதன் கனத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்கனம் எந்தப் பக்கம் அழுத்தியது என்பதை அரிசியில் பாருங்கள். 1953இல் அன்றைய நிதி அமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தினார். ஆகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஸ்தம்பித்தது. அந்த ஹர்த்தாலின் முன்னணியில் நின்றவர் என்.எம். 1970இல், டட்லி சேனாநாயக்க அரசு நிறுத்திய இரண்டாவது கொத்து அரிசியைத் திருப்பித் தருவதாக முன்னணி வாக்களித்தது. வாக்குறுதி மேடையில் எல்லோருடையதும். பணம் தேடுவது நிதி அமைச்சருடைய வேலை. இரண்டாவது கொத்து விலைக்குத்தான் வந்தது. 1973இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, எண்ணெய் விலையும் ஏறியபோது கூப்பன் அரிசி வெட்டப்பட்டது. மாவுக்கும் சீனிக்கும் கட்டுப்பாடு வந்தது. பாணுக்கு விடியமுன் வரிசை நின்றது. உணவை இறக்குமதி செய்வதும் பகிர்வதும் வேறு அமைச்சுகளின் வேலை. மக்கள் ஏசியதோ நிதி அமைச்சரை. இதன் மறுபக்கமும் உண்டு. அந்நியச் செலாவணி இல்லாமல் செத்தல் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாவது நின்றபோது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் தோட்டக்காரர் கையில் முதன்முறையாகக் காசு புழங்கியது. அந்தத் தலைமுறை விவசாயிகள் அந்தக் காலத்தை இன்றும் ‘சிறிமா காலம்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘என்.எம். காலம்’ என்று சொல்லிக் கேட்டவர் இல்லை. நட்டம் நிதி அமைச்சருக்கு எழுதப்பட்டது, வரவு பிரதமருக்கு எழுதப்பட்டது. வருமான உச்சவரம்பு, கட்டாயச் சேமிப்பு, 1970இன் இறுதியில் 50, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாததாக்கியது என்று என்.எம். செய்த ஒவ்வொன்றும் ஒரு பிரிவினரை எதிரியாக்கியது. நண்பரைச் சேர்க்கும் துறை அவரிடமோ அவர் கட்சியிடமோ இருக்கவில்லை.

இடதுசாரிகள் நிர்வாகத்துக்குத் தகுதியில்லாதவர்கள், அதனால்தான் தோற்றார்கள் என்ற கருத்தும் அன்றிலிருந்து இருக்கிறது. அதற்குக் கெனமனின் அமைச்சே நல்ல பதில். 1972இல் வாடகைச் சட்டம் வந்தது. 1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு அளவு வைத்து, மிகுதி வீடுகளை அவற்றில் குடியிருந்த வாடகைக்காரரே வாங்க வழி செய்தது அச்சட்டம். கொழும்பில் தலைமுறையாக வாடகை கட்டிய குடும்பங்கள் வீட்டுக்காரர் ஆயின. அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. மாடிக்குடியிருப்புகளும் எழுந்தன. ஏன் இது நடந்தது? கெனமன் கெட்டிக்காரர் என்பது ஒரு காரணம். முக்கிய காரணம், சட்டத்தை எழுதுவதும் வீட்டுக்கு ஆணையாளரை அனுப்புவதும் விண்ணப்பத்தைத் தீர்ப்பதும் ஒரே அமைச்சின் வேலையாக இருந்தது. வேறெந்த அமைச்சரும் அந்த எல்லைக்குள் காலெடுத்து வைக்க இடமில்லை. லெஸ்லி குணவர்தனவின் போக்குவரத்து அமைச்சும் ஏறக்குறைய அப்படியே. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் தலைவராகத் தம் கட்சியின் அனில் முனசிங்கவையே அவர் வைத்துக்கொள்ள முடிந்தது. துறை முழுதாகக் கையில் இருந்த இடத்தில் இடதுசாரிகள் வேலை செய்து காட்டினார்கள்.

கொல்வினுக்குக் கிடைத்த இரண்டு பொறுப்புகளும் அப்படி முழுமையானவை அல்ல. அரசியலமைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். எழுதும் பொறுப்பு அவருடையது. எதை எழுதுவது என்பதில் அவர் கட்சிக்கு 19 வாக்கு. ஒரு மொழியை மட்டும் ஆட்சிமொழி ஆக்கினால் ஒரு நாடு இரண்டாகும் என்று 1956இல் பாராளுமன்றத்தில் எச்சரித்தவர், 1972 மே 22இல் நிறைவேறிய அரசியலமைப்பில் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக 7ஆம் பிரிவில் எழுதினார். பௌத்தத்துக்கு முதன்மை இடம் 6ஆம் பிரிவில் வந்தது. சிறுபான்மையினருக்குச் சோல்பரி அரசியலமைப்பு தந்திருந்த 29ஆம் பிரிவின் காப்பு போயிற்று. மொழித் தீர்மானம் நிறைவேறிய பிறகு 1971 ஜூனிலேயே தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபையைவிட்டு வெளியேறிவிட்டது. இங்கே பங்கீட்டைக் காரணம் காட்டி கொல்வினைத் தப்பவைக்க நான் முயலவில்லை. அவர் மறுத்திருக்கலாம், பதவி துறந்திருக்கலாம். அவ்வளவு பெரிய சட்ட அறிவு தன் மனச்சாட்சிக்கு மாறான வாசகத்துக்கு வடிவம் கொடுத்ததைத் தமிழ் வாசகர் மன்னிக்காததில் நியாயம் இருக்கிறது. நான் சொல்வது வேறு. சுதந்திரக் கட்சியின் சிங்கள வாக்காளருக்குத் தேவைப்பட்ட வாசகத்தை அக்கட்சியின் அமைச்சர் ஒருவர் எழுதியிருந்தால், இடதுசாரிகள் அமைச்சரவைக்குள் இருந்தபடியே எதிர்த்துப் பேச ஓர் இடைவெளி மிஞ்சியிருக்கும். எழுதுகோலைக் கொல்வினிடம் கொடுத்ததோடு அந்த இடைவெளி மூடப்பட்டது.

தமிழர் தரப்பில் இந்த அமைச்சரவைக்குள் இருந்தவர் தபால், தொலைத்தொடர்பு அமைச்சர் செல்லையா குமாரசூரியர் ஒருவரே. அவர் தேர்தலில் நின்று வென்றவர் அல்லர். செனற் சபை வழியாக வந்தவர். தமிழரசுக் கட்சி 13 ஆசனங்களையும் தமிழ்க் காங்கிரஸ் 3 ஆசனங்களையும் வென்றிருந்த நிலையில், அவர் யாருடைய குரலாகப் பேச முடியும்? பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250, சிங்களமொழி மாணவருக்கு 229 என்று வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்த தரப்படுத்தல், பதியுதீன் மஹ்மூதின் கல்வி அமைச்சு வழியாக வந்தது. அமைச்சரவைக்குள் இருந்து அதைத் தடுக்க குமாரசூரியருக்கும் பலம் இல்லை, இடதுசாரிகளுக்கும் துறை இல்லை. வடக்கில் இளைஞர் அரசியல் திசைமாறிய கதையைப் பின்னர் பார்ப்போம்.

கொல்வினின் இரண்டாவது பொறுப்பு பெருந்தோட்டம். முன்னணி உடைந்த இடமும் அதுதான். ஒரு தேயிலைத் தோட்டத்தில் என்ன இருக்கிறது? செடி இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது, துரை இருக்கிறார், லயத்தில் தொழிலாளி இருக்கிறார், இவை எல்லாவற்றுக்கும் அடியில் காணி இருக்கிறது. 1970 அமைச்சரவை இவற்றை நான்காகப் பிரித்தது. செடியும் தொழிற்சாலையும் கொல்வினின் அமைச்சில். காணி கொப்பேகடுவவின் அமைச்சில். தொழிலாளியின் கூலித் தகராறு சிறிவர்தனவின் அமைச்சில். அத்தொழிலாளி இந்த நாட்டவனா இல்லையா என்ற கேள்வி, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டிருந்த அந்தக் கேள்வி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிரதமரிடமே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்கள் சமசமாஜிகள். 1970இல் அவர்கள் தோட்டத்துக்கு அமைச்சரானபோது தோட்டத்து மனிதர் அவர்கள் பொறுப்பில் இல்லை.

ஏப்ரல் 1971 கிளர்ச்சியில் நாட்டுப்புறச் சிங்கள இளைஞர் ஆயுதம் எடுத்தபின், அரசு காணிப் பசியைத் தணிக்க விரைந்தது. 1972ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய அளவை 50 ஏக்கராகவும் வயலானால் 25 ஏக்கராகவும் வரையறுத்தது. சுமார் 5,60,000 ஏக்கர் அரசிடம் வந்தது. பிரித்தானிய ஸ்டேர்லிங் கம்பனிகளினதும் ரூபாய்க் கம்பனிகளினதும் தோட்டங்கள் அதில் சேரவில்லை. சட்டம் கொப்பேகடுவவின் அமைச்சுடையது. காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவும் அதன் கீழ்தான். எடுத்த காணியில் நின்ற தேயிலையும் றப்பரும் அவ்வாணைக்குழுவின் வழியாகவே கைமாறின. பெருந்தோட்ட அமைச்சரிடம் கேட்க வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. கண்டி, கேகாலைப் பகுதிகளில் தொகுதி எம்.பிமாரின் ஆட்கள் தோட்டங்களுக்குள் புகுந்தார்கள். பிரசாவுரிமை இல்லாத தொழிலாளிக்குக் காணியில் பங்கு இல்லை. பல இடங்களில் லயத்திலிருந்தும் விரட்டப்பட்டான். மாவும் அரிசியும் அருகிப்போன 1974இல் தோட்டப்புறத்து இறப்பு விகிதம் தெளிவாகக் கூடியது. கொல்வினின் அமைச்சுக்கு இவை தெரியாமல் இருந்திருக்க வழியில்லை. ஆனால் விரட்டியவன் காணி அமைச்சின் ஆள், பட்டினிக்குக் காரணம் உணவுப் பங்கீடு, வழக்காடும் சங்கம் போகவேண்டியது தொழில் அமைச்சுக்கு. எங்கு தட்டினாலும் கதவு இன்னொருவருடையது. இதற்காகக் கோபப்படாமல் இந்த ஆண்டுகளைப் படிக்க என்னால் முடியவில்லை.

கம்பனித் தோட்டங்களைத் தேசியமயமாக்க வேண்டும் என்பது சமசமாஜிகளின் பழைய கோரிக்கை. 1975இல் பிரதமரும் அதற்கு இணங்கினார். சுமார் 4,18,000 ஏக்கர், நாட்டின் மிகச் சிறந்த தேயிலை. எடுப்பதில் தகராறு இல்லை. எடுத்த தோட்டம் யாருடைய அமைச்சுக்குப் போகும் என்பதில்தான் தகராறு. பெருந்தோட்டம் என்றால் எனக்கு என்றார் கொல்வின். காணிச் சீர்திருத்தம் என்றால் எனக்கு என்றார் கொப்பேகடுவ. 1970இல் போட்ட கோடு அப்படியே விரிந்து பிளவாகியது. ஹர்த்தால் நினைவுக் கூட்டத்தில் என்.எம். ஆற்றிய உரை பிரதமருக்குச் சினமூட்டியது உண்மை. பீலிக்ஸுக்கும் சமசமாஜிகளுக்கும் நெடுநாள் பகை இருந்ததும் உண்மை. ஆனால் அந்தப் பகை 1970இலும் இருந்தது, 1972இலும் இருந்தது. ஐந்து ஆண்டு பொறுத்த பகை, நாட்டின் ஏற்றுமதி வருமானத்தின் ஆணிவேரை யார் ஆள்வது என்ற கேள்வி வந்தவுடன்தான் பொறுக்காமல் போனது. எண்ணெய் நெருக்கடியும் 1973இலேயே வந்துவிட்டது. அப்போதும் அரசு உடையவில்லை. 1975 செப்டெம்பர் 2ஆம் திகதி என்.எம்., கொல்வின், லெஸ்லி மூவரும் பதவி நீக்கப்பட்டார்கள். நிதி அமைச்சு பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவுக்குப் போனது. கம்பனித் தோட்டங்களை எடுக்கும் சட்டம் அடுத்த மாதம், அதைக் கோரியவர்கள் இல்லாத அமைச்சரவையிலிருந்து வந்தது.

துறைகளை எவ்வளவு கவனமாகப் பிரித்தாலும் எல்லைத் தகராறு வரத்தானே செய்யும் என்று யாரும் கேட்டால், வரும் என்றே சொல்வேன். தீர்ப்பதற்கு ஒரு முறை வேண்டும். முன்னணிக்கு வேலைத்திட்டம் இருந்தது. அமைச்சர்களுக்கு இடையே தகராறு வந்தால் மூன்று கட்சிகளும் சமமாக உட்கார்ந்து தீர்க்கும் பலமுள்ள அமைப்பு இருக்கவில்லை. தீர்ப்பவர் பிரதமர், அவர் ஒரு தரப்பின் தலைவரும்கூட. இடதுசாரித் தலைவர்கள் 1970இல் இதைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். தொழில் அமைச்சையும் காணியையும் கேட்டிருக்க வேண்டும். நிதி என்ற பெரிய பெயருக்கு இணங்கியது அவர்களுடைய பிழை, அதற்கு விலை கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இல்லை.

1977 மே 11ஆம் திகதி, நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளம் தொழிலாளி இறந்தான். அப்போது அமைச்சரவையில் இடதுசாரி எவரும் இல்லை. கெனமன் அவ்வாண்டு பெப்ரவரியில் விலகிவிட்டார். ஜூலைத் தேர்தலில் சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனம் மிஞ்சியது, சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஒன்றுகூட இல்லை. மூன்று உறுப்பினரைத் தெரிவுசெய்யும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் மூன்றாமவராக சௌமியமூர்த்தி தொண்டமான் பாராளுமன்றம் வந்தார். அடுத்த ஆண்டு அவரை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டவர், 1953இல் அரிசி விலையை ஏற்றிய அதே ஜே.ஆர். ஜயவர்தன. அவர் தொண்டமானுக்குக் கொடுத்தது கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சு. தோட்டத் தொழிலாளரின் தலைவர் பெருந்தோட்டத்தை ஆளாத அமைச்சர் ஆன அந்தக் கதை அடுத்த அத்தியாயத்தில்.